காற்றுக் குளியல்

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கூடாதம்மா’ என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஓடக் கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, கதவைத் திறந்து போடக் கூடாது என்று சுவருக்குச் சுவர் பலகை மாட்டியவள் அவள்தான். பாதுகாப்பு அதிகாரி என்றால் பின்னே என்ன, தாலாட்டா பாடுவாள்? “கூடாதம்மா வர்றாங்கடா” என்று ஒரு குரல் வந்தால் தலைக்கவசமெல்லாம் தலைக்கு ஏறும். அவள் முதுகைத் திருப்பினால் இறங்கும். அவளுக்கும் அது தெரியும். கடைசல் இயந்திரத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டே படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள் அவள். மேலதிகாரி கண்ணில் மண்ணைத் தூவுவது எப்படி என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலை சாதாரணமானதில்லை. விமானத்துக்கான பாகங்களை வார்ப்பதும் இல்லை, அடிப்பதும் இல்லை, அச்சடிக்கிறார்கள். அலுமினியத்தை மாவைவிட நைசான தூளாக்கி, இயந்திரத்துக்குள் மெல்லப் பரப்பி, லேசர் ஒளியால் உருக்கி, மேலே இன்னொரு படலம் பரப்பி, அதையும் உருக்கி, அப்படியே அடுக்கடுக்காக வளர்த்து எடுப்பார்கள். பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அச்சடித்த பாகத்தைத் தூளுக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, தட்டி, சலித்து, மிஞ்சிய தூளை டப்பாவில் அடைப்பது மனிதர்கள்தான். அந்த இடத்துக்குத் தூள் அறை என்று பெயர். அங்கே வேலை முடித்து வெளியே வருகிறவனைப் பார்த்தால் சாம்பலில் புரண்டு எழுந்தவன் மாதிரி இருப்பான். சட்டைக்குள், காதுக்குள், இமைக்குள் எல்லாம் தூள்.

கூடாதம்மாவின் தம்பி அங்கேதான் வேலை பார்த்தான். வேலை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவன் நெட்டை. கதவு நிலையில் இடிக்காமல் அவன் ஒருநாளும் அறைக்குள் நுழைந்ததில்லை, நுழையும்போதெல்லாம் நிலையைத் திட்டுவான். தம்பியோ குள்ளம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தால் ஏணியும் முக்காலியும் போகிறது என்று சிரிப்பார்கள்.

வேலை நேரம் முடிந்ததும் அழுத்தக் காற்றுக் குழாயை எடுத்து உடம்பில் ஊதி, தூளை விரட்டிவிட்டு வீட்டுக்குப் போகும் பழக்கம் அந்த அறையில் இருந்தது. காற்றுக் குளியல் என்று அதற்குச் செல்லப் பெயர். ஒருமுறை கூடாதம்மா கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அந்தத் தூள் தரையில் கிடந்தால் சாது. காற்றில் பறந்தால் ஒரு பொறி போதும், பிசாசு. கத்தித் தீர்த்தாள். மறுநாளே ‘காற்றுக் குழாயால் உடம்பை ஊதக் கூடாது’ என்று சிவப்பெழுத்தில் பலகை மாட்டினாள், எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பெடுத்தாள். பழக்கம் நின்றுவிட்டது என்று நம்பினாள்.

எங்கே நின்றது! ஒரு மதியம், ஆள் மாறும் நேரத்தில், தூள் அறைப் பக்கம் ‘தொப்’ என்று ஒரு சத்தம். கனமான போர்வையை யாரோ ஓங்கி உதறின மாதிரி, அவ்வளவுதான். அவள் சாப்பாட்டு டப்பாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கதவருகே ஒருவன் வாளி நிறையத் தண்ணீரோடு நின்றான்.

“ஊத்தாதே! அடப்பாவி, ஊத்தாதே! தண்ணி பட்டா இன்னும் பெருசா பிடிக்கும். மணலை எடு, மணலை!”

உலர்ந்த மணலை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். மேஜை ஓரம் வெள்ளையாகக் கனன்றுகொண்டிருந்தது அணைந்தது. தரையில் நெட்டை குப்புறக் கிடந்தான். தொழிற்சாலை அங்கியைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருந்த நைலான் பனியனோடு நின்றிருக்கிறான். நைலானில் காற்று உரசினாலே பொறி பறக்கும். அந்தப் பனியன் இப்போது அவன் முதுகோடு முதுகாக ஒட்டிப் போயிருந்தது. அவன் கத்தவில்லை. “தூள் கண்ணுல போச்சா பாருங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

“தம்பி எங்க? என் தம்பி எங்க?” என்று அவள் மேற்பார்வையாளரின் சட்டையைப் பிடித்தாள்.

“அவன் முன்னாடியே கிளம்பிட்டான் மேடம். அவன் இங்க இல்ல.”

அப்பாடா என்றிருந்தது. ஒருத்தன் காலடியில் வெந்து கிடக்கும்போது அப்பாடா என்றிருந்ததை நினைத்து உடனே தன் மேலேயே அருவருப்பும் வந்தது. என்ன செய்வது, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடுகிறதே.

மறுநாள் காலையில் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். வெண்ணெய் தடவிய குரல் அவருக்கு. வேலையை விட்டு அனுப்பும்போதுகூட ‘உடம்பைப் பார்த்துக்குங்க’ என்று சொல்லி அனுப்புகிறவர்.

“உக்காருங்கம்மா. நீங்க மட்டும் அந்த போர்டு வைக்கலேன்னா இன்னைக்கு நாம எல்லாரும் நடுத்தெருவுல. போர்டு இருக்கு. வகுப்பு எடுத்திருக்கீங்க, அவனும் உக்காந்து கேட்டிருக்கான். அப்படியும் தனியா போய் ஊதிக்கிட்டா அதுக்கு நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

அவளுக்கும் நெட்டை மேல் கொலைக்கோபம். இத்தனை சொல்லியும் கேட்காமல் போனானே, மடையன்!

“அரசாங்க ஆய்வாளர் வரப்போறார். நீங்க சொல்றதைத்தான் அவர் எழுதுவார். தொழிலாளியோட கவனக்குறைவு, அவ்வளவுதான். அறையைச் சுத்தம் பண்ணி அடுத்த வாரமே திறந்திடலாம். இதை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டீங்கன்னா, நம்ம எல்லா ஆலைக்கும் சேத்து நீங்கதான் தலைமைப் பாதுகாப்பு அதிகாரி. மேல பேசிட்டேன்.”

அவள் தலையாட்டினாள். ஆட்டத்தான் செய்தாள். அந்தப் பதவிக்காக எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

ஆஸ்பத்திரிக்கு அன்றே போனாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனாள். வாசலில் நெட்டையின் மனைவி மறித்தாள்.

“வாங்க. போர்டு ஏதாவது கொண்டுவந்தீங்களா? கட்டில் தலைமாட்டுல மாட்டலாம்.”

“இங்க பாரும்மா, நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன் தெரியுமா...”

“தெரியும். வீட்டுக்கு வந்து எங்கிட்டயும் சொல்வாரு. மேடம் அப்படிச் சொன்னாங்க, மேடம் இப்படிச் சொன்னாங்கன்னு. போங்க, உள்ள போய்ப் பாருங்க உங்க மாணவனை.”

நெட்டை குப்புறப் படுத்திருந்தான். கால் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகில் கட்டு. அவள் குரல் கேட்டதும் தலையை மட்டும் திருப்பினான்.

“எழுந்து நிக்க முடியல மேடம், மன்னிச்சுக்குங்க.”

“வாயைப் பாரு! ஏண்டா இப்படிப் பண்ணினே?”

“புத்தி கெட்டுப் போச்சு. நானேதான் ஊதிக்கிட்டேன். தனியாத்தான் இருந்தேன்.”

கேட்காமலே ‘தனியாத்தான்’ என்றானே, அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. கட்டை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். நடுமுதுகு. முகத்திலோ கையிலோ ஒரு கொப்புளம்கூட இல்லை. அவனவன் முதுகு அவனவனுக்குக் கண்ணாலேயே தெரியாது, இவன் கை எட்டி ஊதிக்கொண்டானாம்!

“என் காதுல பூ சுத்தாதே. உன் முதுகை யாரு ஊதினா?”

“எனக்குத்தான் கை நீளமாச்சே மேடம்.”

“யாருன்னு கேட்டேன்.”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, “கைக்குழந்தைக்காரன் மேடம் அவன். விட்டுடுங்க. நான் பாத்துக்கறேன்” என்றான்.

தூள் அறையில் கைக்குழந்தை வைத்திருப்பவன் ஒரே ஒருத்தன். நறுக்கென்று கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

தம்பி வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே நினைவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தான். கூடத்தில் உட்கார்ந்து மடியில் பாப்பாவை வைத்துக்கொண்டிருந்தான். அத்தையைக் கண்டதும் பாப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தது. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்தவளே அவள்தான், முதல் முதலில் சிரித்ததும் அவளைப் பார்த்துத்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு அவள் குழந்தையை வாங்கவில்லை. தம்பியின் முகத்தையே பார்த்தாள்.

உச்சி வெயிலில், வீட்டுக்குள்ளே, முழுக்கைச் சட்டை. நெற்றிவரை இழுத்துவிட்ட தொப்பி. தொப்பிக்குக் கீழே புருவம் இரண்டும் கன்னங்கரேலென்று, ஒன்று மேட்டிலும் ஒன்று பள்ளத்திலுமாக இருந்தன. அவள் கிட்டே போய், கட்டைவிரலை எச்சில் தொட்டு, இடது புருவத்தை அழுத்தித் துடைத்தாள். விரலில் மை வந்தது. மைக்கு அடியில் முடியே இல்லை, பொசுங்கிச் சிவந்த தோல்தான் இருந்தது.

“இதை யாருடா வரைஞ்சு விட்டது?”

“நான்தான் அண்ணி” என்று தம்பி மனைவி அடுப்படி வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள்.

“அவன் அங்க வெந்து குப்புறக் கிடக்கான். நீ இங்க பொட்டு, மை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கே! வெக்கமா இல்ல?”

தம்பி பாப்பாவை மனைவியிடம் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மேலே தள்ளினான். முழங்கைவரை கொப்புளம். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி, டாக்டரிடமும் போகாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறான்.

“அவன் மேல பிடிச்ச தீயை என் கையாலதான்க்கா அணைச்சேன். ஓடிப் போகணும்னு நினைக்கல. சூப்பர்வைசர்தான் பின்வாசல் வழியா போடா, நீ இங்க இல்லவே இல்லன்னாரு. எனக்கு ஒண்ணும் ஓடல, வந்துட்டேன்.”

“ஊதக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தலையில அடிச்சுக்கிட்டேனே!”

“சொன்னே. யாரு இல்லன்னா? அதே வகுப்புல இன்னொண்ணும் சொன்னே, ஞாபகம் இருக்கா? தூளோட வீட்டுக்குப் போகக் கூடாது, குழந்தை நெஞ்சுல இறங்கிடும், அப்புறம் காலத்துக்கும் இழுப்புதான்னு சொன்னே. அன்னையிலேர்ந்து எங்களுக்குத் தூக்கம் போச்சு. ஊதவும் கூடாது, அப்படியே போகவும் கூடாது. அப்போ என்னதான்க்கா பண்றது? நாய் மாதிரி உதறிக்கணுமா? ஒருத்தனை ஒருத்தன் நக்கியா எடுக்கணும்?”

அவள் கண் பாப்பாவின் பக்கம் போயிற்று.

“என் முதுகை அவன் ஊதுவான். அவன் முதுகை நான் முக்காலி போட்டு ஏறி ஊதுவேன். கதவைச் சாத்திட்டு, நீ வர்றியான்னு ஒருத்தன் பாத்துக்குவான். நேத்து அவன்தான் முதல்ல எனக்கு ஊதினான். ‘போடா, போய் பாப்பாவைத் தூக்கு’ன்னான். சரி, இவனுக்கும் ஊதிட்டுப் போயிடலாம்னு குழாயை வாங்கினேன்.”

குளியலறை! கட்டட வரைபடத்தில் தூள் அறைக்குப் பக்கத்திலேயே குளியலறையும் உடை மாற்றும் அறையும் இருந்தன. கட்டி முடித்தபோது அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் போட்டு, வருகிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே இயந்திரத்தை வேடிக்கை பார்க்க மெத்தை நாற்காலி போட்டுவிட்டார்கள். அவள் மேலாளரிடம் கேட்டாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். மறுபடி கேட்டாள், பார்க்கலாம் என்றார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. பலகை மாட்டுவது சுலபமாக இருந்தது, மாட்டினாள். எல்லோர் மேலும் வந்த கோபம் இப்போது சுற்றிவிட்ட பம்பரமாகத் திரும்பி அவள் மேலேயே வந்து நின்றது. ஓங்கித் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“அண்ணி, உங்க கால்ல விழறேன்” என்றாள் தம்பி மனைவி. “இவர் பேரு வெளிய வந்தா வேலை போயிடும். அந்த அண்ணனே தனியாத்தான் இருந்தேன்னு சொல்றாராமே. அப்படியே விட்டுடுங்க. உங்க கையிலதான் இருக்கு.”

“நெட்டைக்கு வேலை போனா பரவாயில்லையா?”

“அவர் எனக்குக் கூடப் பிறந்தவர் இல்லையே அண்ணி. உங்களுக்கு இவர் கூடப் பிறந்தவர்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஆய்வாளர் வந்த காலையில் மேலாளர் அவளைப் படியிலேயே நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“உங்க தம்பி விஷயம் சூப்பர்வைசர் எல்லாம் சொன்னார். நீங்க கவலையே படாதீங்கம்மா. அவர் அங்க இல்லவே இல்ல. அந்த நெட்டைப் பையனும் ஒத்துக்கிட்டான். உங்க குடும்பத்துக்காகத்தான் இத்தனையும் பண்றேன், தெரியுமில்ல?”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவளுக்கு மூக்கு நுனிவரை சிவந்தது. இந்த ஆள் தம்பியைக் காப்பாற்றவில்லை, கண்ணாடி அறையையும் மெத்தை நாற்காலியையும் காப்பாற்றுகிறார். நெட்டையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்த வாரம் அறையைத் திறப்பார். புதிதாக ஒருத்தன் வருவான். அவனுக்கும் முதுகு இருக்கும், அவனுக்கும் வீட்டில் குழந்தை இருக்கும், சுவரில் அவள் பலகை இருக்கும்.

ஆய்வாளர் வயதானவர், ஜலதோஷக்காரர். தும்மிக்கொண்டே தூள் அறைக்குள் வந்தார். தீப்பிடித்த இடம் கறுத்துக் கிடந்தது, மற்ற இடமெல்லாம் தூள் சாம்பல் நிறத்தில் படிந்திருந்தது. தூள் அறைக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். தம்பியும் வந்திருந்தான், தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டு. மேலாளர் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆரம்பித்தார். பலகையைக் காட்டினார். வகுப்பு எடுத்ததைச் சொன்னார். வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு ஒருத்தன் மட்டும் தங்கி, விதியை மீறி, தன்னைத்தானே ஊதிக்கொண்ட கதையை உருக்கமாகச் சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொண்டே வந்தார்.

“நீங்கதானே பாதுகாப்பு அதிகாரி? இவர் சொன்னது சரிதானேம்மா?” என்று கேட்டார்.

சரி என்று சொன்னால் முடிந்தது. பதவி இருக்கும், தம்பிக்கு வேலை இருக்கும், பாப்பா மடியில் இருக்கும். தம்பி தொப்பிக்கு அடியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போய்ச் சுவரில் மாட்டியிருந்த காற்றுக் குழாயை எடுத்து வந்தாள்.

“காத்தை அடைச்சுப் பூட்டியிருக்கேன், பயப்படாதீங்க” என்று மேலாளர் கையில் கொடுத்தாள். “சார், உங்க முதுகை நீங்களே ஊதிக் காட்டுங்க.”

“என்னம்மா விளையாட்டு இது?”

“நடு முதுகு சார். அவனுக்கு அங்கதான் வெந்திருக்கு. அந்தப் பிடியை அழுத்திக்கிட்டே ஊதணும். காட்டுங்க.”

ஆய்வாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “காட்டுங்களேன், பாப்போம்” என்றார்.

மேலாளர் தோளுக்கு மேலே கையைக் கொண்டுபோனார். குழாய் முனை பிடரியோடு நின்றது. கீழ்வழியாகக் கொண்டுபோனார். இடுப்புப் பட்டையைத் தாண்டவில்லை. தடித்த குழாய் வளைய மறுத்தது. முக்கினார், திருகினார், ஒரு சுற்றுச் சுற்றினார், அக்குளில் கோட்டுத் தையல் ‘டர்’ரென்று விட்டது. சுவரோரம் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

“அப்போ கூட இன்னொருத்தர் இருந்திருக்கார்” என்றார் ஆய்வாளர். “யாரு?”



“என் தம்பி” என்றாள். மறுபடியும் உரக்கச் சொன்னாள். “என் கூடப் பிறந்த தம்பி. அதோ நிக்கறான். அவன் முதுகை இவன் ஊதுவான், இவன் முதுகை அவன் ஊதுவான். தூளோட வீட்டுக்குப் போகாதேன்னு நான்தான் சொன்னேன். ஊதாதேன்னும் நான்தான் சொன்னேன். குளிக்க ஒரு குழாய் இல்ல சார் இங்க! குளியலறை வரவேண்டிய இடத்துல அங்க பாருங்க, காப்பி மிஷின்! நான் கேட்டேன், இவர் பாக்கலாம்னார், நான் வாயை மூடிக்கிட்டேன். எழுதுங்க. என் பேரையும் எழுதுங்க, இவர் பேரையும் எழுதுங்க. அந்தக் குப்புறக் கிடக்கிறவன் மேல மட்டும் பழியைப் போட்டுட்டுப் போனீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்.”

தம்பி தொப்பியைக் கழற்றினான். “நான்தாங்க ஊதினேன்” என்றான் தரையைப் பார்த்து.

ஆய்வாளர் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். சிந்திய தூளையெல்லாம் கூடாதம்மாவின் மேற்பார்வையில் தூரிகையால் கூட்டி அடைத்துவிட்டு அறையைப் பூட்ட வேண்டும், குளியலறை வரும்வரை திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுத் தும்மிக்கொண்டே போனார். அவர் வண்டி நகர்ந்ததும் மேலாளரின் குரலில் வெண்ணெய் இல்லை. “இன்னைக்கு இந்த வேலையை முடிச்சுக் குடுத்துட்டுப் போ. நாளைலேர்ந்து வராதே” என்றார் தம்பியிடம். அவளிடம், “உங்க கதையை அப்புறம் வச்சுக்கறேன்” என்றார்.

சாயங்காலம்வரை கூட்டினார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. கடைசி டப்பாவை மூடி, அறையைப் பூட்டியபோது தம்பி தலைமுதல் கால்வரை தூளாக இருந்தான். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு நேரே வாசலைப் பார்த்து நடந்தான்.

“நில்லுடா.”

“என்ன? இன்னும் யாருகிட்டயாவது காட்டிக் குடுக்கணுமா?” திரும்பி நின்று கத்தினான். மற்றவர்கள் ஆங்காங்கே நின்றுவிட்டார்கள். “வேலை வாங்கிக் குடுத்ததும் நீ, பிடுங்கினதும் நீ. நல்லா இரு. இனிமே வீட்டுப் பக்கம் வந்துடாதே. உன் கை என் பொண்ணு மேல படக் கூடாது. சொல்லிட்டேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவன் அப்படியே, அந்தச் சட்டையோடு, அந்தக் கையோடு வாசலைத் தாண்டப் போகிறான், போனதும் பாப்பா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவன் மேலே பாயப் போகிறது. அதை நினைத்ததும் அழுகையெல்லாம் வற்றிக் கோபம்தான் பொங்கியது.

“சரி, வரல. என் கை படாது. ஆனா இந்தத் தூளோட உன் கையும் அவ மேல படாது. ஏறு மேல!”

“எங்க?”

“ஏறுடான்னா!” பையைப் பிடுங்கிக்கொண்டாள். “நீங்களும் வாங்கடா. எல்லாரும் வாங்க.”

மேல்மாடியில் மேலாளர் அறைக்கு அடுத்து, வெளியூரிலிருந்து வரும் பெரிய மனிதர்கள் தங்க ஓர் அறை உண்டு. தூள் அறைக்காரர்கள் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. தீ விபத்துக்கு வேண்டும் என்று எல்லாக் கதவுக்கும் ஒரு சாவி அவளிடம் இருந்தது. கம்பளத்தில் சாம்பல் நிறக் காலடி பதியப் பதிய அவர்களை நடத்திக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெள்ளைக் கல் பதித்த குளியலறை. மடித்து வைத்த துண்டுகள். வெந்நீர்.

“போட்டிருக்கறதைக் கழட்டி அங்க இருக்கற குப்பைப் பையில போட்டுக் கட்டி வை. கொப்புளத்துல பச்சைத் தண்ணியை விடு, சோப்பு படாம பாத்துக்கோ. தலையை நல்லா அலசு. அலமாரியில வேற உடுப்பு இருக்கும், எது இருந்தாலும் எடுத்துப் போட்டுக்கோ.”

தம்பி அவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்த் தாழிட்டான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மற்றவர்கள் சுவரில் படாமல் சுருங்கி நின்றார்கள்.

பக்கத்து அறைக் கதவு திறந்தது. மேலாளர் கம்பளத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

“என்ன நடக்குது இங்க? யாரு உள்ள?”

“குளிக்கறாங்க சார்.”

“இது யாரோட பாத்ரூம் தெரியுமா? உங்களுக்கு நாளைக்கு வேலை இருக்காதும்மா!”

“நாளைக்குத்தானே?” அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். “இன்னைக்கு இருக்கு. தூளோட ஒருத்தனையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது, அதான் என் வேலை. ஓரமா நில்லுங்க, உங்க மேல படும்.”

அவர் தொலைபேசியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். தாழ் திறந்தது. தம்பி யாரோ பெரிய மனிதருடைய தொளதொளச் சட்டையில், ஈரத் தலையோடு வெளியே வந்தான். அவள் கையிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டான். படி இறங்கிப் போனான். அவன் கடைசிப் படி இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“அடுத்தது யாரு? சீக்கிரம் வாங்கடா, வெந்நீர் ஆறுது!” என்று கத்தினாள்.